பெரிய நோட்டில் ஒரு கையெழுத்து

அப்பா இறந்து நாலு மாதம் கழித்து, அவர் பெயரில் இருந்த வைப்புத்தொகையை எடுக்க வங்கிக்குப் போனேன். அப்பா நாமினி போடாமல் விட்டிருந்தார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அதோடு அம்மா, நான், தங்கை மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட அஃபிடவிட், அதாவது உறுதிமொழிப் பத்திரம் ஒன்று, நோட்டரி சீலோடு வேண்டும் என்றார்கள். படிவத்தை அவர்களே கொடுத்தார்கள். மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலம். வீட்டுக்கு எடுத்து வந்து பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்து வாங்கினேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நான் விரல் வைத்த இடங்களில் போட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் முதல் மாடியில் ஒரு நோட்டரி இருந்தார். எழுபதை நெருங்கும் வயது. காகிதத்தை வாங்கிப் பார்த்தவர், "அம்மா எங்கே? தங்கச்சி எங்கே?" என்றார். தங்கை கீழே ஸ்டாம்பு வெண்டரிடம் நிற்கிறாள், அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது, அதனால் வீட்டிலேயே கையெழுத்து வாங்கிவிட்டேன் என்றேன். "கையெழுத்து போடறதை நான் பார்க்கணும் தம்பி. கூட்டிட்டு வாங்க. மாடி ஏற முடியலேன்னா ஒரு குரல் கொடுங்க, நான் இறங்கி வர்றேன்" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. அரை நாள் லீவு போட்டு வந்திருந்தேன். பெற்ற மகன் சொல்கிறேன், இதில் இவருக்கு என்ன சந்தேகம் என்று நினைத்தேன்.

கீழே இருந்த ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுக்கும்போது கடைப் பையனே கேட்டான், "நோட்டரியா அண்ணே? இங்கேயே முடிச்சிரலாம்." இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு காகிதத்தோடு சந்துக்குள் போனவன் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தான். மூன்று பக்கத்திலும் வட்ட சீல், நோட்டரி வில்லை, ஒரு கிறுக்கல் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில், அம்மாவின் கையெழுத்துக்குக் கீழே, இவர் என் முன்னிலையில் உறுதி கூறிக் கையெழுத்திட்டார் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அந்த முன்னிலைக்குரியவரை நான் கண்ணால் பார்க்கவில்லை. அவரும் என் அம்மாவைப் பார்த்ததில்லை. ரசீது கிடையாது. வங்கி அதை வாங்கி வைத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தது. வேலை முடிந்தது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அத்தையின் கையெழுத்து

இரண்டு வருடம் கழித்து அத்தை போன் செய்தார். அப்பாவின் அக்கா. தாத்தா வீட்டில் பாதிப் பங்கு அவருடையது. அந்த வீட்டின் வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் பெயருக்கு மாறியிருந்தன. அத்தைக்கு விஷயமே தெரியாது. நானும் அத்தையும் அலைந்து கோப்பைப் பார்த்தோம். உள்ளே இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழிப் பத்திரம். பெயர் மாற்றத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அத்தை சொல்வதாக எழுதி, கீழே அத்தை பெயரில் கையெழுத்து.

அத்தை எப்போதும் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார், கடைசி எழுத்தின் காலை மேலே இழுத்துச் சுழித்துவிடுவார். பத்திரத்திலும் அந்தச் சுழி இருந்தது. ஆனால் மெதுவாக, பார்த்துப் பார்த்து வரைந்த சுழி அது. தேதியைப் பார்த்ததும் எனக்கு வயிறு சில்லிட்டது. அந்த வாரம் அத்தை இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ராத்திரி துணைக்கு இருந்தது நான். எழுந்து உட்காரவே முடியாத ஒருத்தர், அன்று ஒரு நோட்டரி முன் வந்து நின்று உறுதி கூறியிருக்கிறார் என்று அந்தச் சீல் சொல்கிறது.

சீல் போட்டவரைத் தேடிப் போனோம். அவர் சண்டை போடவில்லை. "ஆள் வந்திருப்பாங்க. இல்லேன்னா தெரிஞ்ச வக்கீல் யாராவது அடையாளம் காட்டியிருப்பாங்க. ஒரு நாளைக்கு எத்தனை பேப்பர் வருது, எல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்றார். பதிவேட்டைக் காட்டச் சொன்னோம். பத்திரத்தில் பதிவேட்டு எண் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள், பார்க்கிறேன் என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எண் போட வேண்டிய கோடு காலியாக இருந்தது. அத்தை அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் மூஞ்சியை நல்லாப் பாத்துக்குங்க. நான்தான் அந்த ஆளு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

எனக்கு அந்த இடத்தில்தான் உடைந்தது. அத்தை முன்னால் நடக்க, பின்னால் வந்த எனக்கு ஜெராக்ஸ் கடைப் பையன் நினைவுக்கு வந்தான். நான் செய்ததும் இதேதான். அம்மாவின் கையெழுத்து உண்மை, இது பொய். ஆனால் சீல் போட்ட இரண்டு பேருக்கும் அது தெரிய எந்த வழியும் இல்லை. அம்மாவின் காகிதம் உண்மையாக இருந்தது நான் உண்மையாக இருந்ததால்தான், சீலால் இல்லை. அப்படியானால் அந்தச் சீல் எதற்கு?

ஐந்து சென்டிமீட்டர் வட்டம்

அதற்கப்புறம் சட்டத்தை எடுத்துப் படித்தேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டம் சின்னது, ஒரு மாலையில் முடித்துவிடலாம். 1956 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, அதே வருடம் விதிகளும் வந்தன. அதற்கு முன்னால் நோட்டரிகளை நியமிக்கும் அதிகாரம், செக், கடன் சீட்டு போன்றவற்றுக்கான 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தில் இருந்தது. எந்தப் பிரிவு என்று பார்த்தபோது வியப்பாக இருந்தது: 138. இன்று செக் பவுன்ஸ் என்றாலே எல்லோரும் சொல்கிற அதே 138. 1952 சட்டம் வந்ததும் அந்தப் பிரிவு நீக்கப்பட்டு காலியாகக் கிடந்தது. 1988இல் செய்த திருத்தத்தில் அந்த இடத்தில்தான் செக் பவுன்ஸைக் கொண்டுவந்து வைத்தார்கள். உண்டியல் என்ற வணிகக் கடன் சீட்டுக்கும் மற்ற வணிகப் பத்திரத்துக்கும் சாட்சி சொல்வதற்காக வந்தவர் நோட்டரி. இப்போது பெயர் மாற்றம், வாடகை ஒப்பந்தம், கல்லூரி சேர்க்கை என்று நம் எல்லோர் வாழ்க்கைக்கும் சாட்சியாக நிற்கிறார்.

யார் நோட்டரி ஆகலாம் என்பதில் அரசு ரொம்பக் கவனமாக இருக்கிறது. குறைந்தது பத்து வருடம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கும் ஏழு வருடம். மத்திய அரசும் நியமிக்கலாம், மாநில அரசும் நியமிக்கலாம். எந்த மாநிலத்தில் எத்தனை பேர் வரை இருக்கலாம் என்பதற்கு விதிகளோடு ஒரு அட்டவணையே இருக்கிறது. சான்றிதழ் ஐந்து வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் பெயர்ப் பட்டியல் அரசிதழில் வர வேண்டும். சீல் வட்டமாக, ஐந்து சென்டிமீட்டர் விட்டத்தில் இருக்க வேண்டும் என்பது வரை விதி சொல்கிறது. கட்டண விவரத்தை அறைக்கு உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். நோட்டரி இல்லாதவர் நோட்டரி என்று சொல்லிக்கொண்டால் ஒரு வருடம் வரை சிறை.

அந்தச் சீலுக்கு நீதிமன்றம் கொடுக்கும் மரியாதையும் சாதாரணமானது இல்லை. சாட்சியச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, நோட்டரியின் முத்திரையை நீதிமன்றம் நிரூபணம் கேட்காமலே கவனத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. 85ஆம் பிரிவு, நோட்டரி முன் எழுதிக்கொடுத்ததாகத் தோன்றும் பவர் பத்திரத்தை அப்படியே எழுதிக்கொடுத்ததாக அனுமானிக்க வேண்டும் என்றது. 2023இல் புதுச் சட்டம் வந்தபோதும் இவை உள்ளே வந்துவிட்டன. அதாவது, பொய் என்று சொல்கிறவர்தான் அதைப் பொய் என்று காட்ட வேண்டும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு அத்தை அலைந்தது அதனால்தான்.

இவ்வளவு நம்பிக்கையை ஒரு வட்டத்துக்குள் வைத்த சட்டம், அதைக் காப்பதற்கு என்ன வைத்திருக்கிறது என்று தேடினேன். ஒரு பதிவேடு. ஒவ்வொரு காரியத்தையும் அதில் எழுத வேண்டும்: தேதி, வந்தவர் பெயர், முகவரி, என்ன பத்திரம், எவ்வளவு கட்டணம், வந்தவர் கையெழுத்து. ஆள் வந்தாரா வரவில்லையா என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே தடயம் அந்தப் பக்கம்தான். சரி, அதை யார் பார்ப்பது? பதினோராம் விதியில் இருக்கிறது. மாவட்ட நீதிபதியோ அரசு நியமிக்கும் அதிகாரியோ பதிவேட்டைப் பார்வையிட வந்தால் நோட்டரி அனுமதிக்க வேண்டும், ஆனால் வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் கூடாது. இதை நான் மூன்று நாலு தடவை படித்தேன். இரண்டு முறைக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. ஒரு முறையாவது போக வேண்டும் என்று இல்லை. பார்ப்பதற்கு மேல் வரம்பு கட்டிய விதி, கீழ் வரம்பைக் கட்டவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் நோட்டரியே அனுப்பும் ஆண்டறிக்கை ஒன்று உண்டு. தன்னைப் பற்றித் தானே எழுதி அனுப்புவது எப்படிப் பார்வையிடல் ஆகும்?

அப்புறம் 13ஆம் பிரிவு. நோட்டரி தன் பணியைச் செய்கையில் ஒரு குற்றம் செய்தார் என்றால், அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரி எழுத்து மூலம் புகார் கொடுத்தால் ஒழிய எந்த நீதிமன்றமும் அதை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அத்தை நேராகப் போய்க் கேட்க முடியாது என்று எங்கள் வக்கீல் சொன்னது இதைத்தான். நேர்மையான நோட்டரியைப் பொய் வழக்குகளிலிருந்து காக்க இப்படி ஒரு வேலி வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் அத்தைக்கு மிஞ்சுவது, படிவம் 13ஐ நிரப்பி அரசுக்கு நடத்தை மீறல் புகார் அனுப்புவது மட்டும்தான். அதற்கு நோட்டரி பதில் சொல்வார், அதிகாரி விசாரிப்பார், பிறகு சான்றிதழை ரத்து செய்யலாம், கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாம், எச்சரித்தும் விடலாம். நாங்கள் படிவத்தை நிரப்பினோம். அனுப்புவதற்கு முன் அந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து அத்தை காலில் விழுந்தார். வீட்டுவரி பழையபடி மாறியது. "குடும்பத்துக்குள்ள எதுக்குடா" என்று அத்தை காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலான புகார்கள் இப்படித்தான் பீரோவுக்குள் போகும் என்று நினைக்கிறேன். பொய்க் கையெழுத்தால் லாபம் அடைகிறவர் அநேகமாகச் சொந்தக்காரர்தான். புகாரை மட்டும் நம்பி நடக்கும் கண்காணிப்பு அதனாலேயே நடக்காமல் போகிறது.

அரசு சும்மா இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2021இல் மத்திய சட்டத்துறை ஒரு திருத்த மசோதாவின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. ஒருவர் மொத்தமாகப் பதினைந்து வருடம் மட்டுமே நோட்டரியாக இருக்கலாம், இளம் வக்கீல்களுக்கு வாய்ப்பு வரட்டும் என்பது அதில் முக்கியமான யோசனை. 2024 செப்டம்பரில் மத்திய நோட்டரிகளுக்காக ஓர் இணையதளம் வந்தது, விண்ணப்பமும் புதுப்பித்தலும் இனி அதில். அடுத்த மாதமே, கல்யாணமும் விவாகரத்தும் நடந்ததாகப் பத்திரம் போட்டுக் கொடுப்பது நோட்டரியின் வேலை இல்லை, செய்தால் நடத்தை மீறல் என்று ஒரு சுற்றறிக்கை. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் இளம் வக்கீல் வந்தாலும் சீல் அந்தச் சந்துக்குள் ஜெராக்ஸ் கடைப் பையன் கையில் இருந்தால் என்ன மாறும்? மாடியில் இருந்த அந்தப் பெரியவர் பதினைந்து வருடத்தில் போக வேண்டியவர் என்றால், எனக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கான நோட்டரியை அந்தத் திருத்தம் முதலில் அனுப்பிவிடும். அரசு எண்ணுவது ஆட்களையும் வருடங்களையும். எண்ண வேண்டியது பதிவேட்டின் பக்கங்களை. வருடத்துக்கு ஒரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வந்து பத்து வரியைத் தொட்டு, அந்தப் பத்துப் பேருக்கும் போன் போட்டு, நீங்கள் வந்தீர்களா என்று கேட்டால் போதும். அந்த ஒரு போனுக்குப் பயந்தே பாதிப் பேர் ஆளைப் பார்ப்பார்கள்.

இலங்கையில் காணி உறுதியே, அதாவது நிலப் பத்திரமே, நொத்தாரிசு முன்னால்தான் எழுதப்பட வேண்டும்; நோட்டரிக்கு அங்கே அதுதான் பெயர். அங்கே 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசு தான் நிறைவேற்றிய உறுதிகளின் இரட்டைப் பிரதியை மாதாமாதம் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அங்கும் மோசடி நடக்கத்தான் செய்கிறது. ஆனால் எழுதியவர் கையில் மட்டும் இல்லாமல் இன்னொரு கையிலும் ஒரு பிரதி இருக்கிறது. எங்கள் பத்திரத்தில் எண் இல்லாத அந்தக் கோட்டைப் பார்த்தபோது அந்த இன்னொரு கைக்காக ஏங்கினேன்.

ஆட்டோவுக்கு வந்த பதிவேடு

போன வருடம் அம்மாவுக்கு ஓர் அஃபிடவிட் தேவைப்பட்டது. வீட்டுப் பத்திரத்தில் ஒரு பெயர், ஆதாரில் வேறு மாதிரி. இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்த மாடிக்குக் கீழே போய் நின்றேன். பக்கத்தில் டி.டி.பி. கடையில் அடித்து வாங்கி மேலே ஏறிப் போய், "அம்மா கீழே இருக்காங்க சார்" என்றேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஆறு வருடம் ஆகிவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீளமான பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார்.

ஆட்டோக்காரர் முன் சீட்டிலிருந்து இறங்கி இடம் கொடுத்தார். பெரியவர் அதில் பக்கவாட்டில் உட்கார்ந்து பின்பக்கம் திரும்பி, அம்மாவிடம் பெயர் கேட்டார், வீட்டுக்காரர் பெயர் கேட்டார், ஆதாரை வாங்கி முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாம்மா?" அம்மா என்னைப் பார்த்தாள். "பேரு விஷயம்னு பையன் சொன்னான்." "பையன் சொன்னது இருக்கட்டும், நான் படிக்கிறேன், கேளுங்க." பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். பஸ் வந்தால் நிறுத்தினார், போனதும் தொடர்ந்தார். நாலாவது பத்தியில், "மேற்படி சொத்தில் எனக்கு இனி எவ்வித பாத்தியமும் இல்லை என்றும்" என்று வந்தது.

"நில்லுங்க" என்றாள் அம்மா. "வீடு எனக்கு இல்லேன்னா எழுதியிருக்கு?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. சத்தியமாக நான் சொல்லி எழுதிய வரி இல்லை. டி.டி.பி. கடைக்காரர் யாருக்கோ போட்ட பழைய ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார், அந்த வரி அப்படியே நின்றுவிட்டது. அதை நான் படித்துப் பார்க்கவில்லை. பெரியவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார், அவ்வளவுதான். புதிதாக அடித்து வரச் சொன்னார். நான் போய் வரும் வரை ஆட்டோவிலேயே உட்கார்ந்து அம்மாவிடம் முட்டி வலிக்கு என்ன மருந்து என்று பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். அப்புறம் பதிவேட்டைப் பிரித்து அம்மா மடியில் வைத்தார். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட பக்கம். அவரே வரிசை எண் போட்டு, தேதி, பெயர், முகவரி எழுதி, கடைசிக் கட்டத்தைக் காட்டினார். அம்மா அதில் போட்ட கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் விரல் வைத்துக் காட்டியபோது போட்டதைவிட மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். பதிவேட்டு எண்ணைப் பத்திரத்திலும் எழுதினார். ரசீது கிழித்து அம்மா கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டாள், "அப்பா பணத்துக்கு பேங்க்ல ஒரு பேப்பர் கொடுத்தமே, அதுல என்னடா எழுதியிருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. ராத்திரி பழைய ஃபைலில் தேடி அதன் ஜெராக்ஸைக் கண்டுபிடித்தேன். சாப்பாடு முடிந்து அம்மா கட்டிலில் காலை நீட்டிக்கொள்ள, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இரண்டாவது பக்கத்தில் அம்மா கையைத் தூக்கினாள். அவள் அப்பா பெயர் வர வேண்டிய இடத்தில் என் அப்பா பெயரே இன்னொரு தடவை அடித்திருந்தது. "எங்கப்பா பேரு இது இல்லையே" என்றாள். நான் பேனாவை எடுத்து, அந்த ஜெராக்ஸில் அடித்துவிட்டு, தாத்தாவின் பெயரை மேலே எழுதினேன். "சரி, மேல படி" என்றாள்.